ஒன்பது கிலோ குறைவு

தேவிகாவுக்கு இன்னும் ஒன்பது கிலோ குறைந்தது.

மற்றதெல்லாம் கூடத்துத் தரையில் வரிசையாக வந்து சேர்ந்துவிட்டது. இருபது லிட்டர் தண்ணீர்க் கேன் இரண்டு. அதில் ஒன்றிலிருந்து நாலு லிட்டரைச் சோமசேகரன் அளந்து வெளியே ஊற்றியிருந்தார். ஒரு சட்டி சுண்ணாம்பு. மூன்று கிலோ யூரியா. ஐந்து பண்டல் தீப்பெட்டி. காகிதப் பொட்டலத்தில் நூற்றிருபத்தைந்து கிராம் கந்தகம். ஒரு கிண்ணத்தில் கல்லுப்பு. கைக்குட்டையை மடித்து அதன்மேல், மூன்று கிராம் எடையில் ஒரே ஒரு ஆணி. கரி மட்டும்தான் பாக்கி.

ஆளுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று முடிவு கட்டிவிட வேண்டாம். சோமசேகரன் முப்பது வருஷம் பள்ளிக்கூடத்து வேதியியல் ஆய்வகத்தில் உதவியாளராக இருந்தவர். வாத்தியார்கள் கரும்பலகையில் எழுதிவிட்டுப் போவார்கள். எந்த பாட்டிலில் என்ன இருக்கிறது என்று தெரிந்தவர் இவர்தான். ஓய்வு பெற்ற அன்று, குப்பைக்குப் போக இருந்த ஒரு பழைய சுவர்ப் படத்தைக் கேட்டு வாங்கி வந்து கூடத்தில் மாட்டினார். ‘மனித உடலில் உள்ள தனிமங்கள்’ என்று தலைப்பு. ஆக்சிஜன் நூற்றுக்கு அறுபத்தைந்து, கார்பன் பதினெட்டு, ஹைட்ரஜன் பத்து என்று ஆரம்பித்துக் கடைசியில் துளியூண்டு இரும்பில் போய் முடியும். "கல்யாண வீட்டுச் சாமான் லிஸ்ட்டாட்டம் இருக்கு, இதைப் போயா மாட்டுவீங்க?" என்று மனைவி தேவிகா முகத்தைச் சுளித்தாள். அப்போது அவள் இருந்தாள்.

அவள் போய்ப் பதினோரு மாதம் ஆகிறது. பிள்ளைகுட்டி கிடையாது. வீட்டில் பேச்சுச் சத்தம் என்றால் ரேடியோதான். மத்தியானம் ஒரு சாப்பாட்டுப் பொட்டலம் வாங்கி வந்து, பாதியை ராத்திரிக்கு மூடி வைப்பார். இப்படியே போய்க்கொண்டிருந்தபோது ஒரு நாள், காபி டம்ளரோடு அந்தப் படத்துக்கு முன்னால் நின்றார். பட்டியலில் அபூர்வச் சரக்கு என்று ஒன்றுகூட இல்லை. அத்தனையும் காரைக்கால் கடைத்தெருவில் கிடைக்கிற சாமான்தான். எல்லாம் கிடைக்கிறபோது தேவிகா மட்டும் ஏன் கிடைக்காமல் போனாள் என்று அவருக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன.

சேர்த்து வைத்தால் எழுந்து வந்து சண்டை போடுவாள் என்று நம்பும் அளவுக்கு அவர் வேதியியலில் மட்டமில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை அவளுடைய பிறந்தநாள். அன்றைக்கு வீட்டில் அவள் எடைக்கு ஏதாவது இருக்க வேண்டும், அவ்வளவுதான் ஆசை. வேளாங்கண்ணி போனபோது எடை மெஷினில் ஏறி ஐம்பது கிலோ என்று சீட்டு வாங்கியிருந்தாள். சீலையே ஒரு கிலோ வரும், அதைக் கழிச்சுக்குங்க என்று அப்போதே தகராறு செய்தாள். சோமசேகரன் கழிக்கவில்லை. ஐம்பதுக்கே கணக்குப் போட்டார்.

ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் தண்ணீரில் வந்துவிட்டன. கால்சியத்துக்குச் சுண்ணாம்பு. நைட்ரஜனுக்கு யூரியா, அது குரும்பகரத்தில் வயல் வைத்திருக்கும் எழிலனிடம் கேட்டு வாங்கியது. பாஸ்பரசுக்குத் தீப்பெட்டி. கந்தகம் சாதிக் பாட்சாவின் நாட்டு மருந்துக் கடையில் கிடைத்தது. எதுக்குங்க என்று கேட்டவரிடம், வீட்டுக்குத்தான் என்று சொல்லிவிட்டு வந்திருந்தார். கார்பன்தான் கழுத்தை அறுத்தது. பென்சில் வாங்கிப் பார்த்தார். பத்துப் பெட்டி வாங்கினாலும் ஒரு சுண்டுவிரல் தேறாது. கீழவாஞ்சூர் துறைமுகத்து லாரிக்காரர் ஒருவர் நிலக்கரி தருகிறேன் என்றார். அதில் கந்தகம் கலந்திருக்குமே, தேவிகாவுக்குக் கந்தகம் கூடிப்போகுமே என்று இவர் வேண்டாம் என்றுவிட்டார். உயிரோடு இருந்தபோதே அவளுக்கு அது கொஞ்சம் தூக்கல்தான். இஸ்திரி போடுகிறவரிடம் போனால் அவர் கேஸுக்கு மாறி இரண்டு வருஷம் ஆகிறதாம்.

கடைசியில் பண்டாரி சேக் பரீதின் ஞாபகம் வந்தது. காரைக்கால் முஸ்லிம் வீடுகளில் கல்யாணம் காதுகுத்து எதுவானாலும் விருந்துச் சமையல் அவருடையதுதான். தம் போட அவரிடம் மூட்டை மூட்டையாகக் கரி இருக்கும். சோமசேகரன் போன் போட்டார்.

"பாய், ஒம்பது கிலோ கரி வேணும். ஞாயித்துக்கிழமைக்கு."

எதிர்முனையில் கரண்டிச் சத்தம் நின்றது. "ஒம்பது கிலோவாங்க சார்? என்ன விசேஷம்?"

"தேவிகாவோட பொறந்தநாளு."

"எத்தனை பேரு வர்றாங்க?"

"யாரும் வரலை. நான் மட்டும்தான்."

யாரிடமோ அடுப்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார் பரீது. பிறகு துண்டு பெரிதாக வேண்டுமா, சிறிதாக வேண்டுமா என்று பரீது விசாரித்தார். பெரிதாக இருந்தால்தான் பார்க்க நன்றாக இருக்கும், தூள் கலக்காமல் கொடுங்கள் என்றார் சோமசேகரன். அப்படியே ஆகட்டும், ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு நானே கொண்டு வருகிறேன், அதுவரைக்கும் வேறு எங்கேயும் கேட்டுவிடாதீர்கள் என்று பரீது இரண்டு தடவை சொன்னார். இந்தக் காலத்தில் இப்படி அக்கறையாக யார் வியாபாரம் செய்கிறார்கள் என்று சோமசேகரனுக்கு நெகிழ்ந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு வாசலில் வேன் வந்து நின்றது. மூட்டை இறங்கவில்லை. ஆள் உட்காரலாம் போல இரண்டு தேக்சாப் பாத்திரங்கள் இறங்கின. மூடியைத் திறந்ததும் நெய்யும் பட்டையும் மணக்க ஆவி எழும்பித் தெருவையே ஒரு சுற்று சுற்றி வந்தது.

"ஒம்பது கிலோ கறிங்க சார். ஒம்பது கிலோ அரிசி. தால்ச்சா தனியா இருக்கு," என்றார் பரீது.

சோமசேகரன் தேக்சாவையும் பரீதையும் மாறி மாறிப் பார்த்தார். ஒரு எழுத்து. சின்ன ‘ரி’ கேட்டவருக்குப் பெரிய ‘றி’ வந்திருக்கிறது. நான் கேட்டது இது இல்லை, திருப்பி எடுத்துக்கொண்டு போங்கள் என்று கெஞ்சினார். ஆக்கின சோற்றைத் திருப்பி எடுத்துப்போகிற வழக்கம் எங்கள் பரம்பரையிலேயே கிடையாது என்று சொல்லிவிட்டு, பரீது தேக்சாவைக் கூடத்து வாசலில் இறக்கி வைத்தார்.

கொஞ்சத்தைத் தள்ளிவிட்டாலாவது சுமை குறையுமே என்று சோமசேகரன் ஒரு தூக்கில் அள்ளிக்கொண்டு பக்கத்து வீட்டுப் பஹீமாவிடம் போனார். அங்கேதான் பிசகினார். என்ன விசேஷம் அண்ணே என்று அவள் கேட்டாள். இல்லாத மனைவிக்குப் பிறந்தநாள் கொண்டாடுகிறேன் என்று சொல்ல நா எழவில்லை.

"எனக்குத்தாம்மா பொறந்தநாளு," என்று சொல்லிவைத்தார்.

இவர் வீடு திரும்புவதற்குள் சேதி தெருமுனையைத் தொட்டுவிட்டது. எதிர்வீட்டு ஆன்தோனெத் அம்மாள்தான் முதலில் வந்தாள். புருஷன் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். பிள்ளைகள் பிரான்சில், துலூஸில் இருக்கிறார்கள். கையில் ஒரு கேக்கோடு வந்து, "பொன் அனிவெர்சேர், சோமு," என்று பிரெஞ்சில் பிறந்தநாள் வாழ்த்துச் சொல்லி, அவர் கன்னத்தோடு கன்னம் வைத்தாள், இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. பதினோரு மாதமாக அவரை ஒருவரும் தொட்டதில்லை. அது அப்போதுதான் அவருக்கே தெரிந்தது. கண் கலங்கிவிட, கேக்கைப் பார்க்கிறவர் போலக் குனிந்துகொண்டார்.

அப்புறம் கேட்பானேன். சாதிக் பாட்சா கடையைப் பூட்டிவிட்டு வந்தார். எழிலன் குரும்பகரத்திலிருந்து பைக்கில் வந்தார். பஹீமாவோடு அவள் வீட்டுக் கூட்டம் மொத்தமும் வந்தது. பெயர் தெரியாதவர்கள்கூட வந்தார்கள். கூட்டத்தைக் குறைக்க நினைத்த சோமசேகரன், உட்கார இடமில்லையே என்று மெல்லச் சொல்லிப் பார்த்தார். அதற்கென்ன, கூடத்தை ஒழித்துவிட்டால் போகிறது என்று அத்தனை பேரும் உள்ளே நுழைந்துவிட்டார்கள். நுழைந்தவர்கள் தரையைப் பார்த்து நின்றார்கள்.

"இதெல்லாம் என்ன அண்ணே?" என்றாள் பஹீமா.

இனி மறைத்துப் பயனில்லை. "தேவிகா," என்றார் சோமசேகரன்.

ஒருவரும் சிரிக்கவில்லை. அவர் சுவர்ப் படத்தைக் காட்டி, இது ரத்தத்து இரும்பு, இது எலும்புக்கான கால்சியம் என்று சொல்லி முடித்தார். ஆன்தோனெத் அம்மாள் சிலுவை போட்டுக்கொண்டாள். பரீதுதான், சோறு ஆறுகிறது என்றார். உடனே எல்லோருக்கும் கைகால் வந்துவிட்டது.

சஹன் வந்து இறங்கியது. அகலமான ஒரே தட்டு, அதைச் சுற்றி நாலு பேர் உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிட வேண்டும். அதுதான் அங்கே விருந்து முறை. தனியாள் சாப்பிட அதில் வழியே இல்லை. பெண்கள் உள் அறையில் உட்கார்ந்தார்கள். சோமசேகரனை எழிலனும் சாதிக் பாட்சாவும் பரீதும் நடுவே இழுத்து உட்கார்த்திவைத்தார்கள். எந்தப் பக்கம் கை வைப்பது என்று அவர் தடுமாறினார். மூன்று பேரும் ஆளுக்கு ஒரு பக்கமிருந்து கறித்துண்டை அவர் பக்கமே தள்ளிக்கொண்டிருந்தார்கள். வேண்டாம் என்று ஒன்றைத் திருப்பித் தள்ளினால் இரண்டாக வந்தது.

தண்ணீர் எங்கே என்று யாரோ கேட்டார்கள். இதோ கேன் இருக்கிறதே என்று வேறு யாரோ கவிழ்த்தார்கள்.

"அது தேவிகா—" என்று சோமசேகரன் எழுவதற்குள் முதல் நாலு டம்ளர் தொண்டைக்குள் இறங்கிவிட்டது. அதைத் தடுக்கப் போனால் இந்தப் பக்கம் உப்புக் கிண்ணம் பந்தியில் சுற்றப் போய்விட்டது. உப்பைப் பிடிக்கப் போனால் அந்தப் பக்கம் வெற்றிலை போடுகிறவர்கள் சுண்ணாம்புச் சட்டியைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். என் பெண்டாட்டியை எல்லோருமாகச் சேர்ந்து தின்கிறீர்களே என்று கத்தலாம் போல இருந்தது. வாய் நிறையப் பிரியாணி இருந்ததால் முடியவில்லை. நன்றாகவும் இருந்தது, அதை வேறு ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது.

சாப்பிட்டதோடு விட்டார்களா என்றால், அதுவும் இல்லை. விருந்துக்கு வந்தவர்கள் வீட்டைச் சுத்தமாக வழித்துக்கொண்டு போனார்கள். கேக்கில் மெழுகுவத்தி ஏற்றத் தீப்பெட்டி எடுத்த ஆன்தோனெத் அம்மாள், ஒரு குச்சி கிழித்த கையோடு ஐந்து பண்டலையும் பையில் போட்டுக்கொண்டாள். பிரான்சிலிருந்து மாதம் தவறாமல் பென்ஷன் வாங்குகிறவளுக்குத் தீப்பெட்டிக்கா பஞ்சம்? பஹீமா, என் மல்லிகைச் செடி வாடுது அண்ணே என்று யூரியாவை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டாள். அதைக் கொடுத்த எழிலன் பக்கத்திலேயேதான் நின்றார். தடுப்பதை விட்டு, சிந்தியதைக்கூடக் கூட்டி அள்ளிக் கொடுத்தார். சாதிக் பாட்சா இன்னும் மோசம். அன்றைக்குக் கொடுத்தது பழைய சரக்கு, மாற்றித் தருகிறேன் என்று கந்தகத்தைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். எப்போது என்று கேட்டால் செருப்பைத் தேடினார். இத்தனை காலம் பழகியும் இவர்களுக்கு இப்படி ஒரு பேராசையா என்று சோமசேகரனுக்கு ஆறவே இல்லை.

ஆனால் ஒருவரும் சும்மா போகவில்லை. நாளைக்கு மத்தியானம் எங்கள் வீட்டில் மீன்குழம்பு, பொட்டலம் வாங்கப் போகாதீர்கள் என்றாள் பஹீமா. செவ்வாய்க்கிழமை சீட்டாட ஆள் குறைகிறது என்றாள் ஆன்தோனெத் அம்மாள். நடவு பார்க்க வாங்க என்றார் எழிலன். சோமசேகரன் எல்லாவற்றுக்கும் கோபத்தோடு தலையாட்டி வைத்தார்.

மூன்று மணிக்குக் கூடம் காலி. தரையில் கேன் இருந்த இடத்தில் ஈர வட்டம், கைக்குட்டைமேல் ஆணி, அவ்வளவுதான் மிச்சம். அவர் வாசலுக்கு வந்து தெருவைப் பார்த்தார். முப்பத்தாறு லிட்டர் தேவிகா வீடு வீடாகப் பிரிந்து போய்க்கொண்டிருந்தாள். அவளுக்கும் ஊர்வம்பு பேச நாலு வீடு ஏறி இறங்கினால்தான் பொழுது போகும். அந்த நினைப்பில் சிரிப்பு வந்து, சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுகையும் வந்துவிட்டது. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

பரீது காலித் தேக்சாவை வேனில் ஏற்றிக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். அவர்மேல் தப்பில்லை என்று சொல்லி அனுப்புவதுதான் மரியாதை என்று சோமசேகரன் பக்கத்தில் போனார்.

"பாய், உங்களைக் குத்தம் சொல்லலை. முப்பது வருஷம் பள்ளிக்கூடத்துல இருந்தும் அந்த ரெண்டு எழுத்தும் என் நாக்குல பிரியலை. நான் கேட்டது அடுப்புக்கரி. உங்களுக்குக் கறின்னு கேட்டுருக்கு."

பரீது முடிச்சை இறுக்கிவிட்டுத் திரும்பினார்.

"கரின்னு நல்லாத்தாங்க சார் கேட்டுச்சு; தனியா இருக்குற மனுசன் ஒரே வாரத்துல யூரியா, கந்தகம், தீப்பெட்டின்னு வெடிமருந்துச் சாமானா வாங்குறாருன்னு சாதிக் பாய் வந்து சொல்லியிருக்குறப்ப, ஆளு யாரும் வரலை கரி மட்டும் வேணும்னு கேட்டா, எந்தத் தெருவுலங்க கொடுப்பாங்க?"