மிட் வந்தால் டெம்மா, டென்னா?

"உறங்கின பிள்ளைய எழுப்பிப் போட்டீங்களே," என்றாள் சுகிர்தபாய். "இனி இந்த டெர், டெம், டென் வீட்டுக்குள்ள வேண்டாம்."

அவள் கணவன் கனகதாஸ் மிஷன் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவன். இரண்டு வருடப் பயிற்சிக்கு ஜெர்மனிக்குச் சபை ஒரே ஒருவரை அனுப்பும். அதற்கு வெள்ளிக்கிழமை திருவனந்தபுரத்தில் இரண்டாம் நிலை ஜெர்மன் பரீட்சை. முதல் நிலையை எப்படியோ தாண்டிவிட்டான். ஆனால் நம் 'ஓடு'க்கு ஜெர்மனில் உள்ள 'மிட்' என்ற சொல் வந்தால், அடுத்து பெயருக்கு முன்னால் போடுவது டெம்மா, டென்னா என்பது மூன்று மாதமாகியும் பிடிபடவில்லை.

புதன்கிழமை காலை, வீட்டுக்குப் பின்னால் மரச்சீனிக் கிழங்குத் தோட்டத்துக்குப் போனான். மனதில் பதியட்டும் என்று ஒவ்வொரு சொல்லுக்கும் கையை உயர்த்திக் கத்தினான்.

திருவனந்தபுரம் அரசின் கீழ் இருந்த தமிழ்ப் பகுதிகளைச் சென்னை ராஜ்யத்தோடு சேர்க்கச் சொல்லி எல்லை முழுக்கப் போராட்டம் நடந்த 1954 அது. கோஷம் போடத் தடை. அவன் ஊரான குன்னத்துகாலில் ரோந்து வந்த போலீசார் வேலியைத் தாண்டி வந்தார்கள்.

"கோஷம் இல்ல சார், ஜெர்மன் இலக்கணமாக்கும்," என்று நோட்டை நீட்டினான். நோட்டும் அவனும் ஸ்டேஷனுக்குப் போனார்கள்.

"ஆரு இந்த டெர்?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"அடிக்கிறவன் சார்."

"டென்?"

"அடி வாங்குறவன்."

இன்ஸ்பெக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "டெம்?"

"அவனுக்கு எதையாவது கொடுத்தா டெம். மூணும் ஒரே ஆள்தான் சார். இடத்துக்குத் தக்க மாறும்."

"ஒரு ஆளுக்கு மூணு கள்ளப்பேரு," என்று இன்ஸ்பெக்டர் எழுதிக்கொண்டார்.

உதாரணம் சொன்னால் புரியும் என்று கனகதாஸ் நோட்டின் முதல் வாக்கியத்தைத் தமிழில் சொன்னான். "நண்பனோடு நான் ஸ்டேஷனுக்குப் போகிறேன்."

"ஸ்டேஷனுக்கா?"

"போலீஸ் ஸ்டேஷன் இல்ல சார். ரயில்வே ஸ்டேஷன்."

"தண்டவாளத்துக்கிட்ட உனக்கு என்ன வேலை? நண்பன் ஆரு?"

"எனக்கு நண்பனே கிடையாது சார்."

"காட்டிக்கொடுக்க மாட்டான்," என்றார் இன்ஸ்பெக்டர், கொஞ்சம் மரியாதையோடு. "உள்ள போடு."

பக்கத்தில் நின்ற கான்ஸ்டபிள் வேலாயுதன் ஒன்றும் பேசாமல் கதவைப் பூட்டினார். நோட்டை அவரிடமே கொடுத்தார்கள்.

உள்ளே இரண்டு போராட்டக்காரர்கள் இருந்தார்கள். "புது கோஷமா?" என்று கேட்டார்கள். இல்லை என்று அவன் விளக்கி முடிப்பதற்குள் டெர், டெம், டென் என்று சுவர் அதிரக் கத்தினார்கள். இனி ஜாமீன் கிடையாது என்றார் இன்ஸ்பெக்டர்.

வெள்ளிக்கிழமை காலை, திருவனந்தபுரம் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போவதைக் கனகதாஸ் கம்பிக்குப் பின்னாலிருந்து கேட்டான். அன்று அவன் சாப்பிடவில்லை.

சனிக்கிழமை போதகர் வந்து, அது ஜெர்மன் பாடம்தான் என்று இன்ஸ்பெக்டரை நம்ப வைத்து, கையெழுத்துப் போட்டு அவனை வெளியே எடுத்தார். பரீட்சைக்கு வந்தது, ஆஸ்பத்திரியில் கூட வேலை பார்க்கும் யோசுவா ஒருவன்தான், ஜெர்மனிக்கு அவனையே அனுப்பப் போகிறோம் என்றும் சொன்னார்.

வேலாயுதன் நோட்டைத் திருப்பிக் கொடுத்தார். கனகதாஸ் திறந்து பார்த்தான். பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு மையில் அடித்துத் திருத்தியிருந்தது.

"இது ஆரு திருத்தினது?"

"நான்தான் மக்கா. பட்டாளத்தில இருந்தப்ப பிடிபட்டு, மூணு வருஷம் ஜெர்மன்காரனுக்க கேம்பில கிடந்தவனாக்கும்," என்றார் வேலாயுதன், குரலைத் தாழ்த்தி. "இந்த லட்சணத்தில நீ பரீட்சைக்குப் போனா தோத்துப் போவியேன்னுதான், இது ஜெர்மன்னு தெரிஞ்சும் அன்னைக்கு வாயத் திறக்கல்ல."