பத்தவைக்கத் தெரிஞ்ச கீரி

ஒரு காட்டுல, காடுன்னா சும்மா நொழஞ்சுடற காடு இல்ல, கேட்டுல ஃபாரம் நிரப்பி ரெண்டு போட்டோ குடுத்தாத்தான் உள்ள விடுவாங்க, அந்த மாதிரி ஒரு காட்டுல, பொன்னுரங்கம்னு ஒரு கரடி டென்ட் கேம்ப் நடத்திட்டு இருந்தாரு. அங்கயே பொறந்து அங்கயே வளந்த மிருகங்க, அங்கயே டென்ட்டுல தங்கறதுக்கு புக் பண்ணிட்டு வரும். வந்து நின்னு, "என்ன ஒரு இயற்கை"ன்னு சொல்லும். யாரும் சிரிக்க மாட்டாங்க.

அங்க புதுசா வேலைக்குச் சேந்தவன் கீரி சடையாண்டி. அதுக்கு முன்னாடி பன்னெண்டு வருஷம் ஒரு வித்தைக்காரனோட கூடைக்குள்ள கெடந்தான். "இதோ இப்ப கீரிக்கும் பாம்புக்கும் சண்டை விடப்போறேன்"னு வித்தைக்காரன் தெருத்தெருவா சொல்லுவான். ஒருநாளும் விட்டதில்ல. தாயத்து வித்து முடிஞ்சதும் மூட்டையக் கட்டிடுவான். சண்டையும் இல்ல, கால நீட்டிப் படுக்க எடமும் இல்ல. அந்தச் சும்மா இருந்த காலத்துல சடையாண்டி கத்துக்கிட்ட ஒரே தொழில், இவங்க சொன்னத அவங்ககிட்டயும், அவங்க சொல்லாதத இவங்ககிட்டயும் போய்ச் சொல்றது. வித்தைக்காரனுக்கும் அவன் மச்சானுக்கும் கைகலப்பு ஆனது இவனாலதான். அதுல கூடை கவுந்துதான் தப்பிச்சே வந்தான்.

வந்தவன மரங்கொத்தி ஒண்ணு பொன்னுரங்கத்துகிட்ட கூட்டிட்டுப் போய், "பையன் நல்லா பத்த வைப்பான் மொதலாளி"ன்னு சொல்லுச்சு.

"பாத்தியா, நான் தேடுனதே அப்படி ஒரு ஆளத்தான்"னு கரடி அன்னிக்கே வேலைல போட்டுட்டாரு. எதப் பத்த வைக்கணும்ங்கறது, வெறகுக் கட்டக் காட்டுனப்பதான் சடையாண்டிக்கே தெரியும். கூடைய நெனச்சான். வாய மூடிக்கிட்டான்.

மொதநாளே மூணு மணிக்குப் புடிச்ச மழை அஞ்சு மணிக்குத்தான் விட்டுது. வெறகு மொத்தமும் ஊறிப் போச்சு. டென்ட்டுல இருந்தது மூணு பார்ட்டி. மயில் கலாபன், ஆறு குட்டியோட வந்த காட்டுப்பன்றி செங்கமலம், அப்பறம் முள்ளம்பன்றி ருக்மாங்கதன். எல்லாம் நடுங்கிட்டு இருந்துச்சு.

"சடையாண்டி, ஆறரைக்குள்ள தீ எரியணும்"னாரு பொன்னுரங்கம். "இல்லன்னா அந்த வித்தைக்காரனுக்கு ஒரு போன் போடுவேன். கூடைய இன்னும் தூக்கிப் போடலையாம்."

சடையாண்டி தீப்பெட்டிய எடுத்து ஒரசுனான். குச்சி குச்சியா மருந்து உதுந்துச்சு. கடைசியா ஒண்ணே ஒண்ணு மட்டும் உருப்படியா தெரிஞ்சுது, அத எடுத்துக் காதுல சொருகிக்கிட்டான். ரெண்டு கல்ல வச்சுத் தட்டுனான். வெரல் நசுங்குச்சு. கட்டையோட கட்டை வச்சுத் தேச்சான். கட்டை அப்படியே இருந்துச்சு, உள்ளங்கைதான் பத்திக்கிச்சு.

"தம்பி, நான் வீடியோ பாத்துட்டுதான் இருக்கேன்"னாரு ருக்மாங்கதன், போன நீட்டி. "தீ மூட்ட பத்து எளிய வழிகள்."

"மொத வழி என்ன சார்?"

"நன்றாகக் காய்ந்த விறகை எடுத்துக்கொள்ளுங்கள்."

"ரெண்டாவது?"

"சுத்திக்கிட்டு இருக்கு."

"தீயா சார்?"

"வட்டம்பா. சிக்னல் இல்ல."

செங்கமலம் டென்ட்டுலேருந்து எட்டிப் பாத்துச்சு. "ஏன்டா தம்பி, கடைசிக் குட்டிக்குப் பல்லு கிட்டிப் போச்சு. முடியலன்னா முடியலன்னு சொல்லு, நாங்க எங்க வீட்டுக்கே போறோம். பத்தடிதான்."

சுள்ளிய கோபுரமா அடுக்குனா மட்டும் பத்தாது, அடியில காஞ்சது ஏதாவது வேணும். காடு முழுக்கத் தேடுனா, காஞ்சது ஒரே ஒரு எடத்துலதான் இருந்துச்சு. ஆபீஸ் இரும்புப் பெட்டிக்குள்ள, கட்டுக் கட்டா புகார்ப் படிவம்.

"மொதலாளி, அதுல பத்து தாள் குடுங்க."

"வெத்துப் படிவம் வெளிய போகக் கூடாது. யாருக்காவது புகார் இருந்தா கேட்டு வாங்கிக்கலாம்."

"யாருக்கும் புகார் இல்லன்னா?"

"இந்தக் கேம்ப்புல இதுவரைக்கும் ஒரு புகாரும் கெடையாது"னு பொன்னுரங்கம் பெருமையா சொன்னாரு.

மணி ஆறு அடிச்சுது. சடையாண்டி நசுங்குன வெரல ஒருதரம் பாத்துக்கிட்டான். அப்பறம் மெதுவா நடந்து மயில் டென்ட் பக்கம் போய் உக்காந்தான்.

"உங்களுக்கு எதுக்கு சார் சொல்லிக்கிட்டு. விடுங்க."

"என்னது?"

"இல்ல, செங்கமலம் அக்கா சும்மா சொல்லிட்டு இருந்தாங்க. உங்க தோகை ஒரிஜினல் இல்லையாம். பழைய விசிறிலேருந்து புடுங்கி ஒட்டுனதாம்."

கலாபன் தன் தோகைய ஒருதரம் திரும்பிப் பாத்தாரு. படிவம் எங்க கெடைக்கும்னு மட்டும் கேட்டாரு.

அடுத்து செங்கமலம். "அக்கா, கோச்சுக்காதீங்க. இவ்ளோ மழை பேஞ்சும் ஒரு டென்ட்டுலேருந்து மட்டும் வாசம் போகலையேன்னு மயில் சார் மூக்கப் புடிச்சுக்கிட்டாரு."

"யாரு, அந்தக் குச்சிக் காலனா? எத்தன படிவம் குடுப்பாங்க?"

"ஆளுக்கு ஒண்ணு."

"அப்ப குட்டிங்களுக்கும் சேத்து ஏழு."

ருக்மாங்கதன்கிட்ட பொய் தேவப்படல. "உங்க டென்ட்டுல நாப்பது ஓட்டை விழுந்துருக்குன்னு பேசிக்கறாங்க சார்"னான். ஓட்டை நெசமாவே இருந்துச்சு, அவரு முதுகுதான் காரணம். நெசத்த எப்படி வெளிய சொல்லலாம்னு அவரு பின்பக்கமும் சேத்து எழுதுனாரு.

ஆறு இருவத்தஞ்சுக்கு ஒம்போது புகாரு கைக்கு வந்துச்சு. சடையாண்டி அதக் கசக்கி சுள்ளிக்கு அடியில வச்சான். காதுலேருந்து கடைசிக் குச்சிய எடுத்தான். ஒரசுனான். மருந்து பொட்டுன்னு கீழ விழுந்து தண்ணில மெதந்துச்சு.

அவன் அப்படியே உக்காந்துட்டான். கூடையோட பழைய வாசம் மூக்குக்கே வந்துடுச்சு.

பின்னாடி காலடிச் சத்தம். பொன்னுரங்கம் வந்து நின்னு கேட்டாரு. "புகாரெல்லாம் வந்துடுச்சா?"

"வந்துடுச்சு மொதலாளி."

"சரி, அப்ப மேல்நடவடிக்கை எடுத்துடுவோம்." இடுப்புப் பையிலேருந்து ஒரு லைட்டர எடுத்து, கசங்குன தாள் ஒண்ணுல வச்சாரு. ஒரே அமுக்கு. குப்புன்னு புடிச்சுது. தாள் பத்தி, சுள்ளி பத்தி, ஈர வெறகு சீறிச் சீறி அதுவும் பத்திக்கிச்சு.

சடையாண்டி எந்திரிச்சு நின்னுட்டான். "லைட்டர் இருந்துச்சா?"

"இருந்துச்சே."

"இவ்ளோ நேரமா இருந்துச்சா?"

"இது புகார்ப் பிரிவு லைட்டர்ப்பா. கேம்ப்ஃபயருக்கு எடுத்தா முறைகேடு."

அப்பறம் தீ ஜெகஜோதியா எரிஞ்சுது. மூணு பார்ட்டியும் சுத்தி உக்காந்துச்சு. ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாக்கப் புடிக்காம முதுகத் தீக்குக் காட்டி உக்காந்ததுல, எல்லாருக்கும் முதுகு நல்லா காஞ்சுது. குட்டிங்க அப்படியே தூங்கிடுச்சு. போறப்ப மூணு பேரும் அஞ்சு ஸ்டார் போட்டுட்டு, அடுத்த வாரத்துக்கும் புக் பண்ணாங்க. மத்தவன் வர்றானா இல்லையான்னு பாக்கணுமாம்.

சடையாண்டி வேல நிரந்தரம் ஆச்சு. "மரங்கொத்தி சொன்னப்ப நான்கூட நம்பல"ன்னு பொன்னுரங்கம் அவன் தோளத் தட்டிக் குடுத்தாரு.

நீதி: வெறகு பத்தலையா? பக்கத்து டென்ட்டப் பத்திப் பேசுங்க. தானா பத்தும்.