மாதிரிக்காரரின் இரண்டு குழந்தைகள்

அப்பாக்களில் மாதிரிக்காரர் என்றொரு வகை புதிதாகப் புறப்பட்டிருக்கிறது. எந்த ஆராய்ச்சிக்கூடத்துக்குள் எட்டிப்பார்த்தாலும் ஒருவர் அகப்படுவார். கருவில் தொடங்கி மூளை நரம்புகள் எப்படிக் கைகோர்க்கின்றன, வேண்டாத இணைப்புகளை எப்படிக் கத்தரித்துக்கொள்கின்றன, பேச்சு எப்படி வருகிறது என்பதையெல்லாம், கணினிக்குள் ஒரு செயற்கை நரம்பு வலையை மாதிரியாகக் கட்டி, அதற்குத் தரவைப் புகட்டி வளர்த்துக் காட்டுகிறவர். உண்மையான மூளையைப் பார்த்திருக்கிறாரா? அது ஈரமாக இருக்குமாம், அவருக்கு ஒத்துக்கொள்ளாது.

கணினிக் குழந்தை படுசமர்த்து. கொஞ்சம் முரண்டு பிடித்தாலும் அழித்துவிட்டு முதலிலிருந்து ஓட்டுவார். பலமுறை ஓட்டி, ஒழுங்காக வளர்ந்த ஒன்றை மட்டும் கருத்தரங்கில் காட்டி, குழந்தைகள் இப்படித்தான் வளர்கின்றன என்பார். கைதட்டல் காதைப் பிளக்கும். மற்றவை? அவை பிறக்கவே இல்லை.

வீட்டில் இன்னொரு குழந்தை இருந்தது. இரண்டு வயதுப் பெண். பேச்சு வரவில்லை, பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்புவதும் இல்லை. மனைவி கவலைப்படும்போதெல்லாம் மாதிரிக்காரர் திரையில் கணினிக் குழந்தையின் வளர்ச்சிக் கோட்டைக் காட்டுவார். கோடு வெகுதூரம் படுத்துக்கிடந்து, பிறகு சட்டென்று எழுந்து நிற்கும். பேச்சும் அப்படித்தான் வருமாம், அவசரப்படக் கூடாதாம். இப்படியே அரை வருஷம் போயிற்று.

"வரலைன்னா?" என்றாள் மனைவி.

"மறுபடியும் மொதல்லேருந்து ஓட்டிப் பாக்கலாம்." பழக்கதோஷம், வாயில் வந்துவிட்டது.

"இவள ஒரு தடவதாங்க ஓட்ட முடியும்."

குழந்தையைத் தூக்கிக்கொண்டு நேரே காது டாக்டரிடம் போனாள். இரண்டு காதிலும் நீர் கட்டியிருந்தது. அத்தனை மாதமாக அந்த வீட்டில் யார் கொஞ்சியதும் அந்தக் குழந்தைக்குச் சரியாகக் கேட்டிருக்காது.

மனுஷர் இடிந்துபோயிருப்பார் என்றுதானே நினைக்கிறீர்கள்? முகமெல்லாம் மலர்ச்சி. மாதிரி சரிதானாம், உள்ளே போன ஒலிதான் குறைவாம். அன்றே கணினிக் குழந்தையின் காதையும் அடைத்து ஓட்டினார். அதுவும் பேசவில்லை. ஒரு கட்டுரை தேறிவிட்டது.

நீரை எடுத்த சில வாரங்களில் மகள் வாயைத் திறந்தாள். மாதிரிப்படி முதலில் வரவேண்டியது 'அப்பா'. கோட்டைக் காட்ட அவர் மடியில் தூக்கி வைத்துக்கொண்டபோது அவள் சொன்னது, "வேணாம்."

சிரிக்கிறீர்கள். உங்களிடம் கணினியும் இல்லை, கோடும் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். நேற்று உங்கள் பிள்ளை ஓடிவந்து ஏதோ ஆரம்பித்தானே, "பக்கத்து வீட்டுப் பையன் உன் வயசுல..." என்று நீங்களும் ஆரம்பித்தீர்களே, அவன் என்ன சொல்ல வந்தான்?