உங்கள் தங்கையின் பரிசோதனையில் நான் செய்த உதவி

மதிப்புக்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

தங்கை வீட்டுக்காரன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கு எல்லோரும் சௌக்கியம். உங்கள் தங்கை என்னோடு பேசுவதில்லை என்பது தவிர வேறு குறையில்லை.

மாதவிலக்கு நின்றபின் மறுபடி ரத்தம் பட்டதால், அவளுக்குக் கர்ப்பப்பைக்குள் கேமரா விட்டுப் பார்த்துத் துளி சதையும் எடுத்தார்கள். அதே தொந்தரவுள்ள உங்கள் வீட்டம்மா பயந்து நாளைக் கடத்துவதாக அறிந்தேன். பயப்பட ஒன்றுமே இல்லை என்று சொல்லத்தான் இக்கடிதம். ஆஸ்பத்திரியில் தங்க வேண்டியதில்லை, போன அன்றே வீட்டுக்கு வந்துவிடலாம். டாக்டரம்மா முன்னதாக எல்லாம் விளக்கினாராம். நான் அப்போது வண்டி நிறுத்த இடம் தேடிக்கொண்டிருந்தேன். துணைக்கு ஒருவர் இருந்தால் தெம்பு என்று என்னையும் உள்ளே விட்டார்கள், நானும் தலைமாட்டில் நின்று பேச்சுக் கொடுத்தேன், மொட்டைமாடித் தொட்டி ஒழுகுவதைப் பற்றித்தான், கேமரா உள்ளே போனதும் அவள் கையைத் தூக்கினாள், பாவம் பயப்படுகிறாளே என்று அன்போடு பிடித்துக் கீழே அமுக்கினேன், மறுபடி தூக்கினாள், மறுபடி அமுக்கினேன், "ஒண்ணுமில்லம்மா, ஒண்ணுமில்ல" என்றும் சொன்னேன், என்ன பலம் என்கிறீர்கள், கடைசியில் இரண்டு கையாலும் பிடிக்க வேண்டியதாயிற்று. அப்போதுதான் நர்ஸ் பார்த்துவிட்டு, "ஐயோ சார், கைய விடுங்க! வலிச்சா கையத் தூக்குங்க, உடனே நிறுத்திடுறோம்னு அவங்ககிட்ட சொல்லி வச்சிருக்கோம்!" என்று கத்தினார்.

நிறுத்தினார்கள். ஆலையில் பாதுகாப்பு அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். அவசர நிறுத்தப் பொத்தானை மறைத்து நின்றவர்களுக்கெல்லாம் மெமோ கொடுத்தவன். டாக்டரம்மா எனக்கு மெமோ எதுவும் கொடுக்கவில்லை. "நீங்க கொஞ்சம் வெளிய இருங்க" என்றார், அவ்வளவுதான்.

மற்றபடி எல்லாம் நல்லபடி முடிந்தது. ஆகவே வலியே இருக்காது என்று வீட்டம்மாவிடம் தைரியமாகச் சொல்லுங்கள். தேவையென்றால் துணைக்கு நானும் வருகிறேன். பெரியவர்களுக்கு என் வணக்கமும் சின்னவர்களுக்கு ஆசியும்.

இப்படிக்கு,
அன்புள்ள
தங்கை வீட்டுக்காரன்

பின்குறிப்பு: அண்ணா, தபாலில் போடச் சொல்லி இவர் இதை என்னிடமே கொடுத்தார், படித்துவிட்டேன். வலித்தது. நன்றாகவே வலித்தது. இவர் வெளியே போனதும் மரத்துப்போக ஊசி போட்டு, நான் சரி சொல்லும்வரை காத்திருந்து மெதுவாகச் செய்தார்கள். பிறகு தாங்க முடிந்தது. அந்த ஊசியை அண்ணி முதலிலேயே கேட்கட்டும். கிளம்புமுன் வலி மாத்திரை போடலாமா என்றும் கேட்கட்டும். எனக்குப் பயப்படும்படி எதுவுமில்லை என்று முடிவு வந்துவிட்டது. அண்ணிக்கு என்னவென்று யாருக்கும் தெரியாது. அதை நினைத்தால்தான் எனக்குத் தூக்கம் வரமாட்டேன் என்கிறது. வலிக்காது என்று மட்டும் சொல்லாதே. நான் புறப்பட்டு வருகிறேன். உள்ளே அண்ணியோடு நான் போகிறேன், நீ வாசலோடு நின்றுகொள்.