அனசேனியின் ஒன்பதாயிரம் அடிகள்

மனைவிக்கு ஜலதோஷம், சோதனைக்கு வர முடியாது என்று லிசியாதே போனில் சொல்லிவிட்டார். மனைவி அனசேனி இறந்து இரண்டு மாதமாகியிருந்தது.

சர்க்கரை, ரத்த அழுத்தம், தொப்பை மூன்றும் சேர்ந்தே உள்ளவர்களின் இதயத்துக்கு எந்தப் பயிற்சி நல்லது என்று டோங்கா நாட்டுத் தலைநகர் நுக்குஅலோஃபாவில் ஒரு கிளினிக் ஆராய்ந்துகொண்டிருந்தது. கணவன் மனைவி இருவரும் அதில் சேர்ந்திருந்தார்கள். அவருக்கு எடை தூக்குதல், அவளுக்கு நடை. எட்டாவது வாரம் அனசேனியின் இதயம் நின்றுபோனது. காலடிகளை எண்ணும் அவளுடைய இளஞ்சிவப்புக் கைப்பட்டையைத் திருப்பிக் கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை. தன் பருத்த மணிக்கட்டில் அதை நூல் வைத்துக் கட்டிக்கொண்டார். காலையில் தனக்குச் சொன்ன எடையைத் தூக்கினார். மாலை ஐந்து மணிக்குக் கடலோரத்தில் அவளுடைய நடையை நடந்தார். பட்டை எண்ணிய கணக்கு தானாகவே கிளினிக்குக்குப் போய்விடும் என்பதை அவர் யோசிக்கவில்லை.

மறுவாரம் கிளினிக் நர்ஸ் கலோலைனே மறுபடி கூப்பிட்டாள்.

“ஜலதோஷத்தோட ஒன்பதாயிரம் அடி நடந்திருக்காங்களேண்ணே?”

“அவ பிடிவாதக்காரிம்மா,” என்றார். அது மட்டும் பொய்யில்லை.

அப்படியானால் வீட்டுக்கே வந்து பார்க்கிறேன் என்றாள். பதறிப்போய், அனசேனி எயுவா தீவில் தங்கை வீட்டில் இருப்பதாகச் சொல்லிவைத்தார். இடுப்பளவையாவது வாங்கி அனுப்புங்கள் என்றாள் கலோலைனே. முப்பத்தோரு வருடம் கூட இருந்தவளின் இடுப்பளவு தனக்குத் தெரியவில்லையே என்று டேப்பைக் கையில் வைத்துக்கொண்டு அழுதார். பிறகு தன்னுடையதை அளந்து அனுப்பினார்.

“நாலு மாசத்துல ஆறு இஞ்ச் ஏறியிருக்கு?”

“தங்கச்சிக்காரி சமையல்ல தேங்காப்பால் தாராளமா ஊத்துவாம்மா.”

வெள்ளிக்கிழமை இருவரும் நேரில் வந்தே ஆக வேண்டும் என்று சொல்லிவிட்டாள். உண்மையைச் சொல்லிவிடுவது என்று லிசியாதே தனியாகப் போனார்.

கலோலைனே எதுவும் கேட்காமல் முதலில் அவரைச் சோதித்தாள். ரத்த அழுத்தம் இறங்கியிருந்தது, சர்க்கரையும்தான். எடை மட்டும் தூக்கியவர்களில் யாருக்கும் இவ்வளவு இறங்கவில்லை, நடையும் சேர்ந்ததால்தான் இப்படி என்றாள்.

லிசியாதே தலையைக் குனிந்துகொண்டு மணிக்கட்டின் நூலை அவிழ்க்கப் பார்த்தார். 

அவள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“கழட்டாதீங்கண்ணே, அக்காவோட அடக்க ஆராதனையில கடைசி வரிசையில நின்னு நானும்தான் பாடினேன்; போன் பண்றத நிறுத்தினா நீங்க நடக்கிறதையும் நிறுத்திடுவீங்களோன்னு பயமா இருந்துச்சு.”