கண்ணை மூடிக்கொண்டு நடந்த சண்டை

அன்புள்ள தங்கை ஸ்வீட்லினுக்கு,

கர்த்தருடைய கிருபையால் திருத்தணியில் நாங்கள் சுகம். நீயும் சுகம் என்பது உன் வாட்ஸ்அப் படங்களில் தெரிகிறது, சந்தோஷம்.

என் வீட்டுக்காரர், உன் மாமா ரூபஸும் அவருடைய அண்ணன் யோபுவும் பேசிக்கொள்ளாமல் இருந்த கதையைச் சொல்கிறேன். ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுத்து வருகிறவர்களுக்குச் சபை வாசலில் மோர் கொடுக்கலாம் என்றார் இவர். "நம்ம வாசல்ல நின்னுகினு அரோகரான்னா நல்லாவா கீது?" என்றார் அண்ணன். இவர் கேட்காமல் ஊற்றினார். அதோடு பேச்சு நின்றது. மனத்தாங்கலோடு திருவிருந்து எடுக்கக் கூடாதென்று இருவரும் கடைசி பெஞ்சில் ஆளுக்கொரு ஓரமாக உட்கார்ந்துவிட்டார்கள். வீட்டில் இவருக்குச் சோறும் இறங்கவில்லை.

உடனே ஆயருக்கு ஒரு யோசனை. "அக்கா, நீங்க சைக்காலஜி படிச்சவங்க, மனநலக் கூட்டம் ஒண்ணு நடத்துங்க." நடத்தினேன், நம் வீட்டுக் கூடத்தில். மனம்விட்டுப் பேசுங்கள் என்றேன். இருவரும் மின்விசிறியைப் பார்த்தார்கள். பொறுத்துப் பார்த்த ஆயர், "சரி, ஜெபிக்கலாம்" என்றார். அவ்வளவுதான். கண்ணை மூடி ஆண்டவரிடம் சொல்வதை நம் சபையில் யார் தடுக்க முடியும்?

"ஆண்டவரே, அண்ணன் பேச்சக் கேக்காத கல் நெஞ்ச நீர் உடையும்" என்று யோபு ஆரம்பித்தார்.

"தகப்பனே, தாகம்னா இன்னான்னு தெரியாத மூத்த குமாரருங்களுக்காக வேண்டிக்கிறேன்" என்றார் இவர்.

"ஸ்தோத்திரம்! மோர் ஊத்தினவன் கூடப்பொறந்தவன எட்டிப் பாத்தானா ஆண்டவரே? சுகர் வந்துகீதுன்னு சொல்லக்கூட எனக்கு ஆளில்ல."

நான் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தேன். மூடிய கண்ணோடே இவர் கேட்டார்: "எப்பத்திலேந்துண்ணா?"

"போன மாசம்தான் நைனா, ரத்தம் எடுத்துப் பாத்தாங்க."

"காலு எரியுதா?"

"ஆங், ராத்திரில."

ஆயர் அவசரமாக ஆமென் சொல்லிவிட்டார். மறுநாள் இவரே அண்ணனை வண்டியில் டாக்டரிடம் கூட்டிப் போனார். ஞாயிற்றுக்கிழமை இருவரும் சேர்ந்து திருவிருந்துப் பந்திக்குப் போனார்கள். மோர் விஷயம் மட்டும் இன்னும் தீரவில்லை, தீராமலேயே பேசிக்கொள்கிறார்கள்.

என் படிப்புக்கு இதில் ஒரு பங்கும் இல்லை. சண்டையை ஜெபம் என்று சொல்வதும் எனக்கு ஒப்பவில்லை. இனி இந்தக் கூட்டம் நம் வீட்டில் வேண்டாம் என்று ஆயரிடம் சொல்லிவிட்டேன்.

பிள்ளைகளுக்கு முத்தம். கர்த்தர் உங்கள் வீட்டையும் உன் ரத்த அழுத்தத்தையும் காப்பாராக.

உன் அக்கா,
லில்லி

பி.கு.: அடுத்த வெள்ளிக்கிழமை கூட்டம் நம் வீட்டில்தான், நீயும் வா. அம்மாவின் தையல் மெஷினை நீ என்னைக் கேட்காமல் எடுத்துப் போனதைப் பற்றி உன்னிடம் பேச எனக்குக் கூச்சம். ஆண்டவரிடம் சொல்லப் போகிறேன். நீ பக்கத்தில் கண்ணை மூடி உட்கார்ந்தால் போதும்.