மாதா டிரைவர்

எங்கள் ஊரில் ராணுவத்துக்கும் பயப்படாத, இயக்கத்துப் பொடியன்களுக்கும் பயப்படாத ஆள் ஒருவர்தான் இருந்தார். அவர் ரோட்டுப் பள்ளத்துக்கு மட்டும் பயந்தார். பெயர் மாதா டிரைவர். ஞானஸ்நானப் பெயர் பங்குச் சுவாமிக்கே மறந்துபோயிருந்தது.

மே மாதம் முழுக்க மாதா சுரூபம் வீடு வீடாகப் போகும். வீட்டுக்கு ஓர் இரவு, செபமாலை, அவல், பிளேன்டீ. மறுநாள் அடுத்த வீட்டுக்குக் கொண்டுபோவது டிரைவரின் சைக்கிள். கேரியரில் தலையணை, அதன்மேல் ஒரு முழ உயர மாதா, டியூப் ரப்பரால் கட்டு. திரும்பிப் பார்க்காமலே பேசிக்கொண்டு ஓட்டுவார்.

"அம்மா, பள்ளம் வருது. பிடிச்சுக்கொள்ளுங்கோ."

மணி அடிக்கமாட்டார். "அவ திடுக்கிட்டுப் போவா." எதிரே மாடு வந்தால் இறங்கி, தாழ்ந்த குரலில் மாட்டிடம் பேசி விலக்குவார். ஒருநாள் நான் முன்பாரில் ஏறட்டுமா என்று கேட்டேன்.

"பின்னால ஒரு லேடி இருக்கேக்க ஏறுவியோ? வெக்கமில்லையோ உனக்கு?"

சிக்கல் என்னவென்றால், ஊர் இரண்டாகக் கிடந்தது. ரயில் பாதைக்கு அந்தப்பக்கம் ராணுவம், கோயில், டிரைவர் வீடு. இந்தப்பக்கம் பொடியன்கள், நாங்கள். தண்டவாளத்தைக் கழற்றி எல்லோரும் பங்கர் கட்டியாயிற்று. கோடு மட்டும் அப்படியே இருந்தது. கடக்க இரண்டு தரப்பிடமும் பாஸ் வேண்டும்.

"ஐயா, உங்களுக்குப் பாஸ் இருக்கு. அவவுக்கு?" என்றான் காவலுக்கு நின்ற பொடியன்.

"அவ பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எகிப்துக்கு ஓடேக்க ஏரோது ராசா பாஸ் குடுத்தவனோ?"

பொடியன் துப்பாக்கியைப் பார்ப்பதுபோல் குனிந்து சிரித்துவிட்டு வழிவிட்டான்.

ராணுவத்தின் பக்கம், சிப்பாய் ஒருவன் சோதனைக்காகச் சுரூபத்தின் மேல் கை வைத்தான்.

"கையை எடு! பொம்பிளையைப் பொம்பிளைதான் செக் பண்ணவேணும்!"

வரிசையில் நின்ற நாங்கள் எல்லோரும் மனதுக்குள் டிரைவரை அடக்கமே செய்துவிட்டோம். குழம்பிப்போன சிப்பாய் நிஜமாகவே ஒரு பெண் சிப்பாயை அழைத்துவந்தான். அவளோ நீர்கொழும்புக் கத்தோலிக்கப் பெண். தொப்பியைக் கழற்றி, சிலுவை போட்டு மூடிய கண்ணைத் திறக்கவேயில்லை.

"தங்கச்சிக்கு நேர்த்திக்கடன் நிறையப் போல" என்று முனகினார் வெங்காய மூட்டைக்காரர். அவள் சிங்களத்திலும் டிரைவர் தமிழிலுமாகச் செபம் சொல்லி முடித்த பிறகுதான் வரிசை நகர்ந்தது.

வீடுகளுக்கு முறை போடுவதும் அவர்தான். மே முப்பத்தொன்று எப்போதும் தன் வீடு. மனைவி மக்கள் இல்லாத ஒற்றை அறை. அந்த ஓர் இரவுக்காக வருஷாவருஷம் வெள்ளையடிப்பார்.

"எல்லா வீடும் சுத்திக் களைச்சு வருவா. என்ரை வீட்டிலதான் காலை நீட்டுவா."

அந்த வருஷம் முப்பதாம் தேதி எங்கள் வீடு. மறுநாள் விடிந்தபோது பாதையை மூடியிருந்தார்கள்.

அம்மா மாதாவைத் தூக்கிக்கொண்டு தடைவரை போனாள், நானும் போனேன். வெட்டவெளிக்கு அப்பால் டிரைவர் சைக்கிளோடு நின்றார். கேரியரில் தலையணை மட்டும். கத்தினால் கேட்காத தூரம். அம்மா சுரூபத்தை உயர்த்திக் காட்டினாள்.

அவர் மணி அடித்தார். ஒருநாளும் அடிக்காத மணி. துருப்பிடித்த குரலில், விடாமல்.

பாதை திறக்கவில்லை, ஷெல்தான் வந்தது. படகேறும்போது அம்மா தையல் மெஷினை விட்டுவிட்டு மாதாவைச் சேலையில் சுற்றிக்கொண்டாள். பிறகு ராமேஸ்வரம், முகாம், கட்சால் தீவின் ரப்பர் தோட்டத்துப் பெண்ணோடு எனக்குக் கல்யாணம், கடைசியில் இன்னொரு தீவில், பாம்பூஃப்ளாட்டில் குடித்தனம். டிரைவரைப் பற்றி நாங்கள் விசாரிக்காத ஆளில்லை. தகவல் இல்லை.

இங்கே மே மாதத்தில் அந்த உத்தியோகம் எனக்கு. என் தொப்பைக்கும் ஸ்கூட்டி ஹேண்டில்பாருக்கும் நடுவில் மாதா. நான் மூச்சுவிட்டால் அவளுக்கு இடநெருக்கடி. சாத்தாம் போகும் படகு ஜெட்டியில் இடிக்கும்போது, "அம்மா, பிடிச்சுக்கொள்ளுங்கோ" என்று வாய் தானாகச் சொல்கிறது. பக்கத்தில் நிற்பவர்கள் என் தாயாரைத் தேடுகிறார்கள்.

போன மே மாதம், புதிதாகக் குடிவந்த ராஞ்சிக்காரர் இந்தியில் கேட்டார்: முப்பத்தொன்று காலியாக இருக்கிறதே, எங்களுக்குத் தரலாமே?

நான் வாயைத் திறப்பதற்குள் என் மனைவி, "நஹி பய்யா, வோ புக் ஹை" என்று முடித்துவிட்டாள். பிறகு என் பக்கம் திரும்பி, "தலகாணிய தொவச்சி காயப்போட்டுட்டேங்க. வெள்ளையடிக்க ஆள் சொல்லிட்டீங்களா?" என்றாள்.

முப்பத்தொன்று இரவு மாதா எங்கள் முன்னறையில்தான் இருப்பாள். ஆனால் அது எங்கள் முறை அல்ல. டிரைவர் இன்னும் வந்து சேரவில்லை, அவ்வளவுதான்.